நிறுத்திய இடமெல்லாம்

குரொய்டனில் பூட்டிய கதவை
இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாய், பகீரதன்,
இனி அது எங்கள் கதவே இல்லை என்று தெரிந்தும்.

பின்சீட்டில் கடுகும் ரஸ்க்கும்.
என் மடியில் சோறு அவிக்கும் குக்கர்;
அதை மட்டும் லொறிக்காரரிடம் கொடுக்க மனம் வரவில்லை.

லங்காஸ்டர் தாண்டியதும் ரஸ்க் வாந்தி எடுத்தது
உன் கலியாணக் கோட்டில்.
அதுவரை பேசாமல் வந்துகொண்டிருந்தோம்,
பேர்மிங்காமில் தவறவிட்ட திருப்பத்துக்காக.
அதன்பிறகு சிரித்தே ஆகவேண்டியிருந்தது.

கடுகுக்குப் பதின்மூன்று வயது.
நிறுத்திய இடமெல்லாம் வீடென்று நினைத்தது.
பெற்றோல் நிலையத்துப் புல்லில்
மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்தது,
சரி, இங்கேயே இருப்போம் என்பதுபோல.
ஒவ்வொரு முறையும் தூக்கி ஏற்றினோம்
மன்னிப்புக் கேட்டபடி.

இன்வெர்னஸுக்கு அப்பால்
மழை சாய்ந்து பெய்தது. ஆடுகள்.
பிறகு ஆடுகளும் இல்லை.

விக் என்ற ஊரில்
இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம்.
சாவி, சொன்ன கல்லுக்கடியில்தான் இருந்தது.
கடுகு இறங்க மாட்டேன் என்றது.
ஏமாந்தது போதுமென்று
முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டது.

நீ மின்சாரப் பெட்டியைத் தேடினாய்.
நான் குக்கரைச் செருகினேன்.
அரிசி கொதிக்கும் வாசம்
வாசலைத் தாண்டிக் கார்வரை போகக்
கால்மணி நேரம் ஆனது.

பிறகு
வெறும் பலகைத் தரையில்
நகங்களின் சத்தம்.