ஏழு நிமிடப் பிசகு

தை செங்கில் ஆறாம் மாடி. சனி இரவு பத்து மணி.
வெளியே மழைக்கு முந்திய புழுக்கம்,
உள்ளே பதினெட்டு டிகிரி.
ஈரச் சட்டை முதுகில் ஒட்டி ஜில்லிட்டது.
அனுமதிப் படிவத்தில் என் பெயர்:
தில்லைக்கரசி, காலை ஆறு வரை.
அதற்குள் முடியாவிட்டால்
எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்,
வாடகை வீட்டைக் காலி செய்கிறவள்போல்,
சுவரில் அடித்த ஆணியையும் பிடுங்கிக்கொண்டு.

முதலில் ஒன்று. ஒன்றே ஒன்று.
விண்டோஸ் ஏற்றி, தமிழ் எழுத்துரு, சீன எழுத்துரு,
சரக்குக் கப்பலுக்குப் பில் போடும் அந்தப் பழைய மென்பொருள்
(அதற்கு மட்டும் நாற்பது நிமிடம், மூன்று மறுதொடக்கம்),
மூன்றாம் மாடி பிரிண்டரைத் தேடிச் சேர்த்து,
கடைசியில் பெயரையும் அடையாளத்தையும் கழற்றி
மூச்சை நிறுத்திவைத்தேன்.
தங்கப் பிரதி என்பார்கள் எங்கள் தொழிலில்.
சிராங்கூன் சாலையில் ஒருநாளும்
பவுன் விலை கேட்காதவர் வைத்த பெயர்.
இதிலிருந்து இருநூற்று நாற்பது மேசைகள் பிறக்கும்.
காலையில் உயிர்க்கும். ஆள் வெளியேறியதும்
துடைத்த பலகை.
மறுநாள் வேறொருவருக்கு அதே புதுக்கருக்கு.

வியாழக்கிழமை தஞ்சோங் பகாரில்
மேடம் சுவாவின் மேசைக்குப் போயிருந்தேன்.
திரையில் நூற்றுப் பதின்மூன்று ஐகான்கள்.
அடியில் ஒரு பூனை இருப்பதாகச் சொன்னார்,
எனக்கு வால் நுனி மட்டும் தெரிந்தது.
"இதெல்லாம் எங்கே போகும்?"
"எங்கேயும் போகாது மேடம்.
இருந்ததே இல்லைன்னு ஆயிடும்."
சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.
மூன்றாம் வரிசையில் ஏழாவதை அவர் விரலால் தொட்டார்.
"இது ரோட்டர்டாம்."
வேறொன்றும் சொல்லவில்லை.

நள்ளிரவு தாண்டி இணைப்புத் தரகரை நிறுவினேன்.
வருகிறவர் யார், அவருக்கு எந்தத் திரை என்று
கைகாட்டுகிற நிரல்.
தரகர் மறுத்தார்.
சான்றிதழைப் புதுப்பித்தேன், மறுத்தார்.
நெருப்புச் சுவரில் கதவு கதவாகத் திறந்து பார்த்தோம்
நானும் ஸுல்கர்னைனும். மறுத்தார்.
சிவப்பில் ஒரே வரி:
நம்பிக்கை உறவு முறிந்தது.
மணி இரண்டே கால்.
லிஃப்ட் பக்கம் நின்று, பிளாஸ்டிக் பையில் தொங்கிய
ஆறிப்போன கோப்பி ஓ கொசோங்கை
ஆளுக்குப் பாதியாக உறிஞ்சினோம்.
என் கைக்கடிகாரத்தைத் தற்செயலாகப் பார்த்த ஸுல்
பையை என்னிடம் தள்ளிவிட்டு உள்ளே ஓடினான்.

தரகர் குடியிருந்த சர்வர்
ஏழு நிமிடம் பின்தங்கியிருந்தது.
அவ்வளவுதான்.
ஐந்து நிமிடம்வரை பொறுத்துப் போகும் இந்த ஏற்பாடு.
ஏழு என்றால் நீ யாரோ, நான் யாரோ.
"இந்த ஊரே ஒரு புத்தாண்டு இரவில்
அரை மணி நேரத்தை அப்படியே விழுங்கியது,
அன்றைக்கு யாருக்கும் லாகின் போகவில்லை" என்றான் ஸுல்.
சிரிக்கத் தெம்பில்லாமல் சிரித்தோம்.

கடிகாரத்தைத் திருத்தியதும் தரகர் மனம் இறங்கினார்.
ஒவ்வொன்றாய் எழும்பின,
சாம்பல், மஞ்சள், பச்சை.
நாற்பதோடு நின்றது ஒருமுறை.
உரிம எண்ணில் சைபரை ஓ என்று படித்திருந்தேன்.
நூற்றெண்பது.
இருநூற்று முப்பத்தொன்பது.

கடைசி ஒன்றைத் தனியே எடுத்தேன்.
துடைக்காதே என்று குறித்தேன்.
காரணம் கேட்ட கட்டத்தில்
'சோதனைக்காக' என்று எழுதினேன்.
ஸுல் எட்டிப் பார்த்தான்,
கேபிள் கட்டப் போய்விட்டான்.

ஐந்து ஐம்பதுக்குக் கதவைச் சாத்தினோம்.
எங்களுக்குத் தெரியாமலே மழை பெய்து முடிந்திருந்தது.

திங்கள் காலை உதவி எண்ணுக்குப் பதினேழு அழைப்புகள்.
பதினாறு, மறந்துபோன கடவுச்சொல்.
பதினேழாவது மேடம் சுவா.
பூனை இருக்கிறதாம்.
ரோட்டர்டாம் மட்டும் ஒரு கட்டம்
இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது.
"யார் தொட்டது?"