மாற்றத்துக்கான காரணம்

போனது வலது கால்.
கம்பனிக்காரன் வைத்த வேகமிதியும் வலது பக்கம்.
"இடதுக்கு மாத்தித் தாங்கோ" என்று
தம்பி ஓட்டிவந்த வெள்ளை மார்ச்சில்
வந்து இறங்கினாள் சுகிர்தமலர்,
மாங்குளத்தில், ஒட்டுசுட்டான் வீதியில்
என் கராஜ் வாசலில்.

ரெண்டு நாள் வேலை.
அரை அங்குலக் கம்பி, ரெண்டு மூட்டு, ஒரு சுருள்,
செத்த டிராக்டர் ஒன்றின் கிளச் மிதி.
அறுத்து, ராவி, ஒட்டி, நிறுத்தினேன்.
வேறு ஆள் ஓட்டினால் மடித்தும் வைக்கலாம்.
மிதித்தேன். முனகாமல் ஏறியது இஞ்சின்.
"இனி ஓடலாம் தங்கச்சி."
"ஓடலாம். எழுத்தில எங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது.
பெற்றோல் வராத வருசங்களில்
எத்தனை வண்டியை இந்தக் கை
மண்ணெண்ணெய் குடிக்கப் பழக்கியது!
சேலைன் குழாயால் சொட்டு விட்டு உசுப்பினால்
வெள்ளைப் புகைக்குள் இருமிக்கொண்டு போகும் ஊர்.
எந்தக் கந்தோரில், எந்தப் படிவம்?

இப்போதும்தான்.
பரந்தன் டிலக்சன்
புகைப் பரிசோதனைக்கு முதல்நாள் வருவான்.
உறுமும் சைலன்சரைக் கழற்றிப் பழையதைப் பூட்டுவேன்,
நீல விளக்கைப் பிடுங்குவேன்,
கண்ணாடியின் கறுப்பை உரிப்பேன்.
அடுத்தநாள் பின்னேரம் எல்லாம் திரும்ப ஏறும்.
ஒரு கார், ரெண்டு கூலி.
நான் நல்லவன் என்று சொல்ல
இதை எழுதவில்லை.

அவள் சொன்னாள்:
"மறிச்சால் இறங்கி ஓட ஏலாது அண்ணை.
கையில கடதாசி இருக்கவேணும்."

எட்டு மாதம்.
வரைபடம் கேட்டார்கள்.
மகளின் கணக்குக் கொப்பியில்
கட்டத்துக்குக் கட்டம் கீறினேன்,
மிதி ஒரு வாத்துப் போல வந்தது.
வவுனியாவில் ஒரு பொறியியலாளர்
சேட்டைக் கழற்றிவிட்டுக் காருக்குக் கீழே படுத்தார்.
டோர்ச் வெளிச்சத்தில் என் ஒட்டை
நகத்தால் சுரண்டினார்.
மயிர் அளவு வெடிப்பு.
"இது நடுவழியில கழண்டால்?"
ஒட்டு வேண்டாம், துளைத்து முடுக்கு என்றார்.

முடுக்கினேன்.
வெடிப்பைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.
இன்றுவரை இல்லை.

கிளிநொச்சிக்கு நான்தான் ஓட்டிப் போனேன்.
அனுமதி வரும்வரை தொடமாட்டாளாம்.
முறிகண்டியில் எல்லாரும் நிற்கும் இடத்தில் நின்று
கச்சான் வாங்கினோம்.
பழக்கமில்லாத மிதியில் என் இடது கால் பட்டு
கார் ஒருதரம் துள்ளியது.
அவள் கோதை யன்னலால் எறிந்தபடி
ஒன்றும் சொல்லவில்லை.

படிவத்தில் ஒரு பெட்டி:
மாற்றத்துக்கான காரணம்.
ஒரு விரல் நீளம்தான் இடம்.
பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு
அவ்வளவு நேரம் இருந்தாள்.
ஊரை எழுதுவாளோ, மாதத்தை எழுதுவாளோ,
கடற்கரை மணலை எழுதுவாளோ என்று
நான் சுவரைப் பார்த்தேன்.

*வசதிக்காக*
என்று எழுதி ஒப்பம் வைத்தாள்.

எழுதுவினைஞர் வாசித்தார்,
மேசைக்கு மேலால் எட்டி
சாய்த்து வைத்திருந்த ஊன்றுகோலைப் பார்த்தார்,
முத்திரையைக் குத்தினார்,
மை காணாமல் இன்னொரு தரம் குத்தினார்.

திரும்பி வரும்போது அவள் ஓட்டினாள்.
கொக்காவிலுக்குக் கிட்டப் பொலிஸ் கை காட்டியது.
கேட்டது சாரதிப் பத்திரம் மட்டும்.
அவள் அதோடு சேர்த்து
கேட்காத கடதாசியையும் விரித்துக் கொடுத்தாள்.
பொலிஸ்காரன் மேலோட்டமாகப் பார்த்து
"சரி, போங்க" என்று நீட்டினான்.

"வாசியுங்கோ.
மூண்டு பாசையிலயும் இருக்கு."

பின்னால் மணல் டிப்பர் ஹோர்ன் அடித்தது.
அவன் வாசிக்கத் தொடங்கினான்,
முதல் வரியிலிருந்து.
அவள் இடது காலைப் பிரேக்கில் வைத்துக் காத்திருந்தாள்.
பக்கத்து இருக்கையில் நானும்
இல்லாத ஒரு பிரேக்கை
அமத்திக்கொண்டே இருந்தேன்.