மெய்ப்பு

தண்ணீர்ச் சிறப்பிதழுக்கு
நான் எழுதிய கவிதையில்
கிணறு அழுதது.
மெய்ப்புப் பார்த்த கமலவேணி
பென்சிலை அங்கே நிறுத்தினா.

"எங்கட ஏழாலைக் கிணறு அழேல்லை.
எண்ணெய் மணந்தது.
வாளி விளிம்பில கறுத்த வளையம்,
சாம்பல் போட்டுத் தேய்ச்சும் போகேல்லை."

மருதம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில்
புகையிலைக்கு எத்தனை அந்தர் உரம் என்று
ஒரு கேள்வி.
நிலமென்னும் தாய்க்கு
ஒன்றும் போடவில்லை;
பவுசர் ஹோர்ன் கேட்டு
இரண்டு கேனோடு ஓடிவிட்டா.

அழுததை வெட்டினேன்.
வேறு வினை வாய்க்கவில்லை.
'கிணறு' என்றெழுதி
மிச்ச இடத்தை வெறுமையாய் விட்டு அனுப்பினேன்.

இதழ் வந்தது.
அச்சகத்தில் யாரோ, விடுபட்டதென்று நினைத்து,
'வற்றியது' என்று நிரப்பியிருந்தார்கள்.

வற்றவில்லை.
கைக்கெட்டும் தூரத்தில் நிறைந்து கிடக்கிறது.
வெயில் ஏறினால்
மயிற்கழுத்து நிறத்தில் மினுங்கும்.

கமலவேணி இந்த உவமையையும் வெட்டுவா.