நிறமில்லாதது

செவ்வாய்க்கிழமைதோறும் வருவாள்.
நிறமில்லாத நகப்பூச்சு, மூன்று குப்பி.
நாற்பத்தாறு வகைச் சிவப்பு இருக்கிறது கடையில்,
ஒன்றையும் ஏறிட்டுப் பார்த்ததில்லை.
அவள் நகங்களோ ஒட்ட வெட்டியவை,
ஓரத்தில் மண்.

தார்த்து நகரில் யாரும் யாரையும் கேட்பதில்லை.
நான் நார்வாக்காரி. கேட்டுவிட்டேன்:
இத்தனை பூச்சு யாருக்கு?

லிண்டன் இலைகளுக்கு, என்றாள் விர்வே.

என் எஸ்தோனிய மொழியில் ஓட்டைகள் உண்டு.
காதில் ஏதோ பிசகு என்றே
மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் பையைத் திறந்து
கண்ணாடித் துண்டு ஒன்றும்
கையடக்க நுண்ணோக்கியும் எடுத்து
மஸ்காரா மாதிரிகளுக்கு நடுவே வைத்தாள்.
இலையின் அடிப்பக்கம் பூசி, காயவிட்டு,
டேப்பால் உரித்தெடுத்த தோல்.
இலையல்ல, இலையின் அச்சு.

குனிந்தேன்.

உதடுகள்.
வரிசை தப்பி, திசை தப்பி,
எங்கு பார்த்தாலும் உதடுகள்,
சில மூடி, சில ‘ஓ’வென்று திறந்து.
பதினோரு வருஷம் உதட்டுச்சாயம் விற்றவள் சொல்கிறேன்,
இவ்வளவு திருத்தமான வாய்
இந்தக் கல்லாவுக்கு எதிரே வந்து நின்றதில்லை.

அவள் மொழியில் அதற்குக் காற்றுப்பிளவு என்று பேர்.
நீர் ஏறினால் இரண்டு உதடும் புடைத்து வளையும்.
நீர் வற்றினால் தளர்ந்து ஒட்டிக்கொள்ளும்.
கரியமில வாயு உள்ளே வரும் அதே வழியில்
தண்ணீர் வெளியே நழுவும்.
திறந்தால் தாகம், மூடினால் பசி,
விடிந்தால் இதே பேரம்தான் என்றாள்.
வீட்டுக்கு வீடு வாசற்படி என்றேன்.
சிரித்தாளா தெரியவில்லை.

மேற்பக்கத்தை விளக்க
அவளுக்குப் படம் தேவைப்படவில்லை,
என் அலமாரியே போதும்.
மெழுகு: அதோ அந்தக் குளிர்காலத் தைலம்.
அதற்கடியில் உதட்டுச்சாயக் குழல்கள் மாதிரி
நெருக்கி நிமிர்ந்து நிற்கும் செல்கள்.
பச்சையம் பெரும்பாலும் அங்கேதான்,
வெயில் முதலில் விழுவது அங்கே.
அதற்கும் கீழே பவுடர் பஞ்சு.
பஞ்சில் சரக்கே இடைவெளிதான், காற்று உலாவ.
இவ்வளவும் ஒரு வாழ்த்து அட்டைத் தடிமனுக்குள்.

எங்கள் முதலாளி மாடிஸ்
காலி இடம் கண்டால் ஒரு ஸ்டாண்டை நிறுத்திவிடுவார்.

எதற்கு எண்ணுகிறாய், கேட்டேன்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில்
யாரோ பறித்து அழுத்திவைத்த இலை இருக்கிறதாம்,
இதே ஆற்றுவளைவில் நின்ற லிண்டன்.
ஒரு சதுரத்துக்கு நூற்று நாற்பத்தொரு வாய்.
இந்த ஜூலையில் நூற்றுப் பதினெட்டு.
காற்றில் கரி கூடிப்போயிற்று,
இத்தனை வாய் வேண்டாமென்று
மரம் நிறுத்திக்கொண்டிருக்கலாம்.

நல்லதா, கெட்டதா?
தோளைக் குலுக்கினாள்.
நான் எண்ணுகிறேன், அவ்வளவுதான்.

அப்பா நார்வா மின்நிலையத்தில்
இருபத்தொன்பது வருஷம் கொதிகலன் பார்த்தார்.
எண்ணெய்ப் பாறையை எரித்து
இந்தக் கடையின் விளக்குவரைக்கும் அனுப்பினார்.
குறைந்துபோன இருபத்துமூன்றில்
அவருடைய பங்கு எத்தனை?
கேட்கவில்லை.
அதற்கு எஸ்தோனியச் சொல் தெரியாது என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
தெரியும்.

அக்டோபரில் அவள் வரவில்லை.
இலையே இல்லாதபோது எதைப் பூச?

ஒரு ராத்திரி
சன்னலோர ஜெரேனியத்தின் இலையைத் திருப்பி
அடியில் மெல்லப் பூசினேன்,
வாடிக்கைக்காரியின் விரலைப் பிடிப்பதுபோலப் பிடித்து.
படுத்துவிட்டேன்.
விடியற்காலையில்தான் உறைத்தது,
அத்தனை வாயையும் நான் பொத்திவைத்திருக்கிறேன்.
வெறுங்காலோடு ஓடிப்போய் உரித்தேன்.
ஓரம் கொஞ்சம் கிழிந்தது.

உரித்ததைச் சன்னல் கண்ணாடியில் ஒட்டினேன்.
வெளியே பனி.
வெறுங்கண்ணுக்கு அது சும்மா ஒரு டேப்,
மாடிஸ் பார்த்தால் சுரண்டச் சொல்வார்.

மே மாதம் பாதியில் லிண்டன் துளிர்க்கும்.
கல்லாவுக்குக் கீழே
மூன்று குப்பி தனியாக இருக்கிறது.