முதல் தேதி

முதல் தேதிதோறும் எனக்கு இரண்டு எண்கள் வரும்.
ஒன்று பச்சை இலை கிலோ விலை,
ஃபேக்டரி வாசல் கரும்பலகையில், சாக்கட்டியால்.
மற்றது என் ரேட்டிங்,
எடைக்கொட்டகையில் சிக்னல் கிடைக்கும் ஒரே மூலையில்
கையை உயர்த்திப் பிடித்த போனில்.
இரண்டும் சேர்ந்து ஏறினால்
கோத்தகிரி கடைவீதியில் கால் கிலோ வர்க்கி வாங்குவேன்.
இந்த வருடம் ஒரே ஒருமுறை வாங்கினேன்.

ஆயிரத்து ஐந்நூற்றுப் பன்னிரண்டில் தொடங்கியது.
உறைபனியில் புல் வெளுத்துக் கிடந்த காலை
முதல் பஸ் பிடித்து ஈரோட்டுக்கு இறங்கினேன்.
வளைவுக்கு வளைவு முன்சீட்டுக் கம்பியில் நெற்றி இடிக்க
மனசுக்குள் ஒரு காரோ-கான்.
மேட்டுப்பாளையத்தில் காதடைப்பு விட்டுப்
பட்டென்று உலகத்துக்குச் சத்தம் வந்தது.
ஒன்பது சுற்று, ஐந்தரைப் புள்ளி.
வர்க்கி அந்த மாதம்தான்.

ஏப்ரலில் திருப்பூர்.
கல்யாண மண்டபம், நானூறு பேர், ஆறு ஃபேன்.
மலைக்காரன் வியர்வை ஸ்கோர் ஷீட்டில் சொட்டி
என் பதினான்காவது நகர்த்தல் நீலமாய்க் கரைந்தது.
எதிரே ஒன்பது வயது.
அவன் கால் தரையைத் தொடவில்லை,
என் ராணியைத் தொட்டான்.
கைகுலுக்கிவிட்டுக் கேட்டான்:
"அங்கிள், பத்தொன்பதுல குதிரையை வெட்டியிருந்தா நான் செத்திருப்பேன்ல?"
ஆமாம் தம்பி.
அதை ஊருக்குத் திரும்பும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்,
குஞ்சப்பனையில் பலாப்பழம் வாங்க பஸ் நின்றபோதும்.

ஜூன், ஜூலை எங்கும் போகவில்லை.
கொழுந்து குவியும் மாதங்கள், லீவு கிடையாது.
ஆடாதவனின் எண் அசையாது.
அதில் ஒரு நிம்மதி இருந்ததை
யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

நவம்பர். குன்னூர். மாவட்டப் போட்டி, கடைசிச் சுற்று.
ஜெயித்தால் மாநிலத்துக்குப் போகலாம்.
எதிராளி கூடலூர் ஜீப் டிரைவர், மைக்கேல் இருதயம்.
முதல் நாள் இரவு ஒரு பிரசவ கேஸ் என்று ஊருக்குப் போனவர்.
வெள்ளை அவருக்கு. கடிகாரம் ஓடியது, நாற்காலி காலி.
"நடுவட்டத்துல மரம் விழுந்து ரோடு பிளாக்காம்," என்றார் நடுவர் பெள்ளி.
"இருதயம் இன்னும் வரல."
மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள்.

முப்பது நிமிடம் கெடு.
வராவிட்டால் புள்ளி எனக்கு, முழுப் புள்ளி.
ரேட்டிங்கில் மட்டும் அதற்குத் தடம் இராது.
தகர ஓட்டில் மழை.
பதினெட்டு. இருபத்தொன்று.
அந்த மரம் பெரிய மரமாக இருக்கவேண்டும் என்று
நினைத்தேன்.
இருபத்துநான்கில்
வேரோடு விழுந்திருக்கவேண்டும் என்று நினைத்தேன்.

இருபத்தேழில் வந்தார்.
கோட்டு சொட்டச் சொட்ட உட்கார்ந்து
ராஜா முன் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார்.
கட்டத்தில் ஒரு விரலளவு செம்மண் ஒட்டியது.
சிப்பாய் வெட்டுப்பட்டுப் போனபிறகும் அது போகவில்லை.
குதிரை வந்து நின்றது அதன்மேல்,
பிறகு என் யானை,
கடைசியில் அவருடைய ராஜா, நிதானமாக நடந்து.
நாற்பத்தொன்றில் கை நீட்டினேன்.
அவர் கடிகாரத்தில் நாற்பது விநாடி மிச்சம்.

கேண்டீனில் டீ வாங்கித் தந்தார்.
"ரம்பத்துக்கு ஆள் பத்தல சார், நானும் ஒரு பக்கம் புடிச்சு இழுத்தேன்."
பெரிய மரமா என்று கேட்டேன்.
"ரெண்டு பேர் கட்டிப் புடிக்கணும்."
பொண் குழந்தை, தாயும் சேயும் நலம் என்றார்,
நான் கேட்காமலே.

ஜனவரி முதல் தேதி.
இலை விலை ஒன்றரை ரூபாய் ஏற்றம்.
நான் ஆயிரத்து நானூற்று எண்பத்தைந்து.
ஈர மூட்டைக்கு இரண்டு கிலோ கழித்ததற்கு
ஒருவர் சண்டைக்கு நிற்கிறார்.
எடைச்சீட்டின் முதுகில் நான் வரைந்திருப்பது
முப்பத்தொன்றாவது நகர்த்தல்.
அங்கே யானையை ஒரு கட்டம் முன்னதாக நிறுத்தியிருந்தால்...
"இன்னொருதரம் போடுப்பா எடையை!"
போடுகிறேன்.

பதினேழாம் தேதி ஈரோடு.
பணம் கட்டியாயிற்று.