இரண்டு நிமிஷம்

ராத்திரி பதினொன்றரைக்கு
பழங்காநத்தத்தில் டாட்டா ஏஸை நிறுத்தினோம்.
மண்டபத்துச் சுற்றுச்சுவர், நூற்றிப்பத்தடி.
"விடியறதுக்குள்ள சுவர் சுவராத் தெரியணும்" என்று
சாவியை ஆட்டிவிட்டுப் போனார் மேனேஜர் சேஷாராம்.

மதுரைச் சுவருக்குச் சொந்த முகம் கிடையாது.
காதுகுத்து, அதன்மேல் பூப்புனித நீராட்டு,
அதன்மேல் "வருக வருக",
வந்தவர் மேலேயே "கண்ணீர் அஞ்சலி".
பசையோடு சேர்த்து ஒரு விரல் மொத்தம்.

எடுத்ததும் சிவப்பு நாசிலை மாட்டுகிறவன்
தொழிலுக்குப் புதுசு.
ஊசித் தண்ணீர் காகிதத்தோடு
காரையையும் பெயர்த்துவிடும்.
காலையில் வெயில் சாய்வாக விழும்போது
நீ கிழித்த கோடெல்லாம் வரிசையாய் எழுந்து நிற்கும்,
கூலியில் கழிப்பார்கள்.

முதலில் தண்ணீர் காட்டு.
கறுப்பு நாசில், அழுத்தமே இல்லாமல்,
கீழிருந்து மேலே.
பிறகு போய் டீ குடி, மைதா ஊறட்டும்.
திரும்பி வந்து பச்சையை மாட்டி, ஒரு முழம் தள்ளி நின்று
ஓரத்துக்கு அடியில் சாய்த்துக் கொடு,
தோசைக் கரண்டி போல.
நடுவில் குத்தினால் தோசையும் போச்சு, கல்லும் போச்சு.

இந்த ஊர் போர் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி.
நாசில் அடைத்தால் குண்டூசி தேடாதே, உள்ளே முறியும்.
பழைய பைக்கின் கிளட்ச் ஒயரில் ஓர் இழை உருவி
சாவிக்கொத்தில் சுற்றி வைத்துக்கொள்.
டிரம் வாய்க்கு வேட்டித் துணி கட்டு.
(அன்றைக்கு நாங்கள் கட்டவில்லை.)

எல்லாவற்றையும்விட இது:
விசையை விட்ட பிறகும் மோட்டார் ஓடினால்
அதே தண்ணீர் பம்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கொதிக்கும்.
இரண்டு நிமிஷம் தாங்கும்.
மூன்றாவதில் சீல் வேகும்.
இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.

மணி மூன்று இருக்கும்.
துப்பாக்கி சோணையின் கையில்.
ஒரு கட்சிக்காரரின் பிறந்தநாள்
முழுசாய்ச் சுருண்டு விழ,
அடியில் ஓர் ஆள் சிரித்துக்கொண்டிருந்தான்,
காக்கிச் சட்டை, நெற்றியில் திருநீறு.
வில்லாபுரம் ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்கள்.
தோற்றம். மறைவு.

சோணை விசையை விட்டான்.

சத்தம் நின்றுவிட்டது,
மோட்டார் மட்டும் தொண்டைக்குள் உறுமியது.
அவன் தம்பி மாயழகு.
ஆறு வருஷம் ஒட்டிய ஜனம் எல்லாம்
அவன்மேல் ஒட்டிக் காத்திருக்கிறது.

நான் எண்ணினேன்.
வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு,
நாற்பது, எழுபது, நூற்றுப்பத்து
என்று எண்ணிக்கொண்டே போய்
சுவிட்சை அணைத்தேன்.

"அன்னைக்கே சொன்னேன்
'ழ' போடுங்கடான்னு" என்றான் சோணை.
மாயலகு என்றுதான் இருந்தது.

"விட்றலாமா? அந்த மூலை மட்டும்?"
"விட்டா நாளைக்கு இன்னொருத்தன் இவன் மேல ஒட்டுவான்."

வெள்ளை நாசிலை அவனே கேட்டான்.
கார் கண்ணாடிக்குப் போடுகிற நாற்பது டிகிரி.
காகிதத்துக்கு அது ஆகவே ஆகாது,
நேரம் மூன்று மடங்கு, தண்ணீர் அதற்கு மேல்.
நான் எதுவும் சொல்லவில்லை.
இரண்டு கை தூரத்தில் நின்று
தலையிலிருந்து ஆரம்பித்தான்,
காய்ச்சல்காரனுக்கு ஊற்றுவது போல,
பதமாக, விசிறி விசிறி.
திருநீறு முதலில் கரைந்தது.
சிரிப்பு கொஞ்சம் நேரம் எடுத்தது.

ஐந்தரைக்குச் சுவர் சுவராகத் தெரிந்தது.
சேஷாராம் தடவிப் பார்த்து
ஐந்நூறு குறைத்தே கொடுத்தார்.

வண்டி ஏற்றும் முன் மோட்டாரை அணைத்து
விசையை ஒருமுறை அழுத்திக் குழாயின் மூச்சை விடணும்.
விட்டேன்.
பிறகு ஃபில்டரைக் கழற்றினால்
வலை நிறையக் கூழ்,
ரோஸும் மஞ்சளும் கொஞ்சம் காக்கியும்.
துணி கட்டாவிட்டால் இப்படித்தான்.
அதைச் சோணை என்னிடம் தரவில்லை.
பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால்
ஆரப்பாளையம் போகும் வரை
மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தான்.