வராதே

மண்வாரியை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட்டேன்.
வெளியே சாத்தி வைத்தால் காலையில்
கதவோடு சேர்த்து அதையும் தேட வேண்டும்.
குளியல் தொட்டி நிறையத் தண்ணீர்,
மண்ணெண்ணெய் இரண்டு கேன்.
மின்சாரம் போனால் கறக்க ஜெனரேட்டர்,
தொழுவத்துக்கு வெளியே, காற்று மறைவில்.

ரெய்ஜி மட்டும் வரவில்லை.
கன்றுக்கு மருந்து வாங்க பெட்சுகாய் வரை
போய்விட்டு வருகிறேன் என்று
சொல்லித்தான் போனான்.

நாலு மணிக்குக் காற்று திரும்பியது.
பாதை, வேலி, யோகோவின் சைலோ
ஒவ்வொன்றாக இல்லாமல் போயிற்று.
இருட்டென்றால் விளக்கேற்றலாம்.
இதற்குள் விளக்கேற்றினால்
இன்னும் கொஞ்சம் வெள்ளை.

போன் அடித்தது. கார் புதைந்துவிட்டதாம்.
"நானூறு மீட்டர்தான் ஃபுமியே,
வேலியைப் பிடித்தே நடந்துவிடுவேன்."
வேலி எங்கே இருக்கிறது என்றேன்.
பதில் இல்லை.

வராதே.

சோறு ஆறுகிறது வா, பனி கொட்டுமுன் வா என்று
பதினெட்டு வருஷமாய்
வா மட்டுமே சொல்லிப் பழகிய வாய்.

எஞ்சினை அணை.
குளிர் தாங்காவிட்டால் போடு, அதற்கு முன்
புகைக்குழாயைத் தோண்டு.
காரைத் தொட்டபடியே போ, தொட்டபடியே திரும்பு.
காற்றடிக்காத பக்கத்து ஜன்னல்
விரற்கடை திறந்திருக்கட்டும்.
கோபித்துக்கொண்டான். பிறகு
பின்சீட்டில் மாட்டுப் போர்வை இருக்கிறது,
நாற்றம், என்றான்.
போர்த்திக்கொள் என்றேன்.

மணிக்கொரு தடவை, அரை நிமிஷம்.
பேட்டரி விடியும்வரை வேண்டுமே.
தோண்டினாயா?
தோண்டினேன்.
வை.
யாராவது கேட்டிருந்தால் சண்டை என்று நினைப்பார்கள்.

இடையில் கயிற்றைப் பிடித்துத் தொழுவத்துக்குப் போனேன்.
அறுபத்து மூன்று மடி கல்லாய்க் கனத்து நின்றன.
பால்வண்டி வராதென்று தெரிந்தே கறந்தேன்,
கறந்ததை வாசலில் கொட்டினேன்.
எங்கே விழுந்ததென்று தெரியவில்லை.

மூன்று மணிக்கு அவன் எடுக்கவில்லை.

பூட்ஸ் மாட்டினேன். மண்வாரி எடுத்தேன்.
தாழ்ப்பாளில் கை வைத்தபோது
அவனுக்குச் சொன்னதெல்லாம்
என் குரலிலேயே எனக்குக் கேட்டது.
பூட்ஸோடு உட்கார்ந்தேன்.
மூன்று பதினொன்றுக்கு,
தோண்டிக்கொண்டிருந்தேன், என்றான்.
வை என்று சொல்ல மறந்து
இரண்டு பேரும் பேட்டரியை வீணாக்கினோம்.

விடிந்ததும் பனிவாரி வண்டியில்
ஒரிகாசா போய்த் தோண்டி எடுத்தார்.
அவன் வேலி என்று நினைத்தது
ஆற்றங்கரைக் கம்பங்களாம்.
கார் முகம் திரும்பி நின்றிருக்கிறது.

வந்துவிட்டேன் என்று
மாட்டு நாற்றத்தோடு வாசலில் நின்றான்.
சோறு ஆறிவிட்டது என்றேன்.